ஊமைக்காயம்

தோல் கிழியாமல், ரத்தம் வராமல் உள்ளுக்குள்ளேயே நின்றுவிடும் அடியை எங்கள் பக்கம் ஊமைக்காயம் என்பார்கள். லத்தி பிடிக்கிறவனுக்கும் இது தெரியும். அதனால்தான் உள்ளங்காலைத் தேடி அடிக்கிறான்.

கல்வராயன் மலைப் பெரியவர் ஒருவரோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். காவலில் வாங்கிய அடி. வருஷங்கள் கழிந்தும் கால் ஊன்றினால் எரிச்சல். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. நசிந்த நரம்பும் குதிகால் சதையும் அதில் தெரியாதே! "ஒன்னுமில்ல, வயசாயிடுச்சி" என்று மாத்திரை எழுதினார்கள். யார் அடித்தது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "சொன்னா திரும்ப அவன்கிட்டதான நிக்கணும்?"

கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. ஊரையே அடித்தார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். 2011-இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்றது. 31 வருஷம்! வழக்கு காத்திருக்கும், உடம்பு காத்திருக்குமா?

வீரப்பன் தேடுதலில் அதிரடிப்படையிடம் சிக்கியவர்களில் 89 பேருக்கு 2.80 கோடி தரச் சொன்னது மனித உரிமை ஆணையம், 2007-இல். மின்சாரம் பாய்ச்சப்பட்டதாகச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு வலி தீர்க்கிறேனென்று மறுபடி வயரைப் பொருத்தினால் எப்படி இருக்கும்?

காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும் என்றது 1996 டி.கே.பாசு தீர்ப்பு. வெளியே வந்தபின்? நஷ்டஈடு கேட்கும் மனுவிலேயே ஆயுளுக்கும் வைத்தியம் என்று தோழர்கள் எழுதிக் கேட்கவேண்டும்.