நெல்சன் தூண் (1809–1966)

டப்ளின் நகரின் ஓ'கானல் தெருவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நின்றிருந்த நெல்சன் தூண், 1966 மார்ச் 8 அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் குண்டு வெடித்து மறைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்தில் நின்ற டாக்சி ஒன்று கல் விழுந்து நொறுங்கியது. ஓட்டுநர் மயிரிழையில் தப்பினார். விடிந்ததும் ஊர் திரண்டு வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களைவிட, நினைவாக ஒரு கல் கிடைக்குமா என்று பார்க்க வந்தவர்களே அதிகம்.

தூணின் பிறப்பு ஒரு வெற்றிக் களிப்பில் நிகழ்ந்தது. 1805ல் டிராஃபல்கர் கடற்போரில் வென்று உயிர்விட்ட தளபதி நெல்சனுக்கு நன்கொடை திரட்டி எழுப்பிய நினைவுச் சின்னம் அது. லண்டனிலுள்ள அவரது தூணுக்கு முப்பது ஆண்டுக்கும் மேல் மூத்தது. 1808ல் இங்கிலாந்து மன்னரின் பிரதிநிதி அடிக்கல் நாட்டியபோது அயர்லாந்தின் காயங்கள் ஆறியிருக்கவில்லை. ஐக்கிய அயர்லாந்தியரின் ஆயுதக் கிளர்ச்சி 1798ல் ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. 1801ல் டப்ளின் நாடாளுமன்றம் கலைந்துபோனது. 1803ல் கிளர்ந்த ராபர்ட் எம்மெட், அதே ஊரில் தாமஸ் தெருவில் பொதுமக்கள் கண்முன் தூக்கிலிடப்பட்டார். ஆறே ஆண்டில், 134 அடி உயரத்தில் ஒரு பிரிட்டிஷ் தளபதி அவர்கள் தலைக்கு மேல் வந்து நின்றார்.

ஆனால் ஊர் அந்தத் தூணைத் தனதாக்கிக்கொண்டது. உள்ளே 168 படிகள். காசு கொடுத்து ஏறினால் டப்ளின் விரிகுடாவும் அப்பாலுள்ள மலைகளும் தெரியும். டிராம்கள் அதன் அடியிலிருந்து கிளம்பின, பூக்காரிகள் அதன் நிழலில் கடை போட்டார்கள். 'தூணடியில் பார்ப்போம்' என்றால் டப்ளினில் வேறு விளக்கம் தேவைப்படாது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில் இரண்டு மூதாட்டியர் அதன் உச்சிக்குப் போய் பிளம் பழம் தின்று கொட்டையைக் கீழே துப்புவதாக ஒரு கதை வரும். மேலே நின்றவர் யார் என்பதை மறந்து வாழ மக்களுக்குத் தெரிந்திருந்தது.

மறக்காதவர்களும் இருந்தார்கள். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். தூணிலிருந்து சில எட்டு தூரத்திலுள்ள தலைமை அஞ்சலகத்தைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள். அதன் வாசலில் நின்று பாட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். சிறிது நேரத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை தெருவில் வர, அஞ்சலகத்திலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. செத்த குதிரை தூணருகே நாள்கணக்கில் அகற்றப்படாமல் கிடந்தது. பீரங்கித் தாக்குதலில் தெரு எரிந்தது, பியர்ஸ் உட்பட 16 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1922ல் உள்நாட்டுப் போர் அதே தெருவை மீண்டும் எரித்தபோதும் நெல்சன் அசையவில்லை.

சுதந்திர அரசு வந்த பிறகாவது இறக்கியிருக்கலாமே? தூண் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்தது, அதைப் பேணிக் காப்பது அறங்காவலர்களின் கடமை. அகற்றத் தனிச்சட்டம் வேண்டும். நெல்சனைக் கீழே இறக்கு, வேறு யாரையாவது ஏற்று, அப்படியே விடு என்று ஆளுக்கொரு யோசனை. அரசு எதையும் செய்யவில்லை. 1955ல் கல்லூரி மாணவர்கள் சிலர் உள்ளே புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டு, சிலையை உருக்கிவிடப் பார்த்துத் தோற்றார்கள்.

ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் வேலை முடிந்தது. குண்டு வைத்தவர்கள், அயர்லாந்து குடியரசுப் படையான ஐஆர்ஏவிலிருந்து விலகிய சிறு குழுவினர் என்பது பரவலான கருத்து. தண்டனை பெற்றவர் யாருமில்லை. தானே வைத்ததாக லியாம் சட்க்ளிஃப் 2000ல் வானொலியில் சொன்னார். போலீஸ் விசாரித்துவிட்டு வழக்கில்லாமல் அனுப்பியது. மிஞ்சிய அடிப்பகுதியை ராணுவம் ஆறு நாள் கழித்து வெடி வைத்து எடுத்தது. ராணுவ வெடியில்தான் அதிக ஜன்னல் உடைந்தது என்று ஊரில் இன்றும் கிண்டல் உண்டு.

நெல்சனின் தலையை ஓவியக் கல்லூரி மாணவர்கள் கிடங்கிலிருந்து தூக்கிச் சென்று, சங்கக் கடனை அடைக்க வாடகைக்கு விட்டார்கள். அது காலுறை விளம்பரத்தில் நடித்தது, இசைக் கச்சேரி மேடையும் ஏறியது. இப்போது நகர நூலகத்தில் இருக்கிறது. நூலகம் இருப்பது பியர்ஸ் தெருவில்! பிரிட்டன் வசமிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் ஆசிரியர்கள் சிலர் தூணைக் கேலி செய்து பாடிய பாட்டு, வாரக்கணக்கில் அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

அந்தச் சிரிப்பும் இப்போது இல்லை. பாட்டு வந்த பெல்ஃபாஸ்டில் 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை இறங்கியது. 1972 ஜூலை 21 அன்று அதே ஊரில் ஐஆர்ஏ ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளை வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். 1974 மே 17 அன்று பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுவின் கார் குண்டுகள் டப்ளினிலேயே வெடித்தன. அவற்றில் இரண்டு, தூண் நின்ற இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில். டப்ளினிலும் மோனகனிலுமாக அன்று 33 பேர் மாண்டார்கள். முப்பது ஆண்டு நீண்ட அந்த மோதலில் பலி 3,500ஐத் தாண்டியது. ஐஆர்ஏ தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்து முடித்தது 2005ல்.

தூணின் சாவை 'சுத்தமான வேலை' என்று புகழ்ந்தவர்கள் அந்த டாக்சியை மறந்துவிட்டார்கள். யாரும் சாகாததற்குக் காரணம் கைத்திறன் மட்டுமல்ல. அகால வேளையும் அதிர்ஷ்டமும்கூட. அந்த இடத்தில் இன்று நிற்பது 2003ல் நட்ட 120 மீட்டர் எஃகு ஊசிக் கோபுரம். பளபளப்பாக இருக்கிறது, ஆனால் ஏறிப் பார்க்க ஒரு படிகூடக் கிடையாது.

அத்தனை காலம் தள்ளிப்போட்ட சட்டம் கடைசியில் வரத்தான் செய்தது. 1969ல், தூணே இல்லாத தூணுக்காக, அறங்காவலர்களுக்கு இழப்பீடு கொடுக்க. நாற்பது ஆண்டுக்கு மேல் கையில் அதிகாரம் வைத்திருந்த சுதந்திர அயர்லாந்து, சாரம் கட்டி இறக்கியிருக்க வேண்டிய சிலை அது. அரசு தயங்கிய வேலையை வெடிமருந்து முடித்ததற்குக் கைதட்டலாம். அடுத்த குண்டை யார், எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது, கைதட்டியவர்களை யாரும் கேட்கப்போவதில்லை.