கம்பத்திலிருந்து கோபுரத்துக்கு: வில்லியனூர், பாகூர் தொலைத்தொடர்புத் தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறு

புதுச்சேரிப் பகுதியில் தொழிலாளர் சட்டம் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்தில் எழுதப்பட்டது. 1936 ஜூலை 30 அன்று முதலியார்பேட்டை சவானா ஆலைப் போராட்டத்தின்போது பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர்கள் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தின் பலனாக 1937 ஏப்ரலில் வந்த ஆணை எட்டு மணி நேர வேலையையும் சங்கம் வைக்கும் உரிமையையும் தந்தது. அன்றைய ஆசியாவில் அது பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றி ஆலைச் சுவருக்குள்ளேயே நின்றது. சுவரே இல்லாத இடத்தில், வயல்வெளியில் கம்பத்தின் மேல் ஏறி வேலை செய்பவருக்கு அது எட்டவில்லை.

இந்தியாவோடு இணைந்த பிறகும் அந்த நிலை மாறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். 1962இல் சட்டப்படியான மாற்றம் முடிந்தது. அடுத்த ஆண்டு தொழிற்சாலைச் சட்டமும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டன. தொழிற்சாலைச் சட்டம் காவல் காத்தது ஒரு வளாகத்தை: அங்கே ஓடும் இயந்திரத்தை, அங்கே வேலை செய்யும் ஆளை. தந்தி, தொலைபேசி லைன்மேனுக்கு வளாகம் ஏது? சாலையோரமும் ஏரிக்கரையும்தான் அவருடைய பணியிடம்.

விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1879இல். இருப்புப்பாதையோடு தந்திக் கம்பியும் சேர்ந்தே வருவது அக்கால வழக்கம். அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கம்பம் ஏறும் வேலையை மூத்த லைன்மேனிடம் கண்டும் கேட்டும்தான் இளையவர் கற்றுக்கொண்டார். அவருக்கு இருந்த காப்பு இடுப்பு பெல்ட் ஒன்றே. அதன் வாரைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, பின்னால் சாய்ந்து, இரண்டு கைகளாலும் வேலை செய்யலாம். குறுக்குச் சட்டத்தைத் தாண்டி மேலே போக வேண்டுமானால் மட்டும் வாரைக் கழற்றியாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் அவரைப் பிடித்திருப்பது அவருடைய கைகள்தான். விழுந்து பெல்ட் பிடித்துக்கொண்டாலும், உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்கி முதுகெலும்பையும் வயிற்றையும் தாக்கும். கம்பம் உயரம் குறைந்தது என்பதால் இந்தக் குறையோடே காலம் ஓடியது.

கம்பியில்லாத் தொடர்பு இந்தக் கிராமங்களுக்குச் செல்பேசிக்கு முன்பே வந்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பை நம்ப முடியாத இடங்களில் விஎச்எஃப் ரேடியோ வழியாக வில்லியனூரிலிருந்து கிராமக் கணினிகளுக்குச் செய்தி போனது. மின்சாரம் நிற்கும் நேரத்துக்குச் சூரிய ஒளித் தகடுகள் இருந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இந்தியக் கிராமப்புறத் தகவல் தொடர்பின் வரலாற்றில் வில்லியனூருக்கு இதனால் ஓர் உறுதியான இடம் உண்டு.

பிறகு வந்த செல்பேசி, வேலையின் உயரத்தையே மாற்றியது. ஓடு வேய்ந்த வீட்டைவிடச் சற்றே உயர்ந்த கம்பம் போய், 40 மீட்டர் இரும்புக் கோபுரம் வந்தது. 3ஜி, 4ஜி, 2022 அக்டோபரில் 5ஜி என்று ஒவ்வொரு தலைமுறை வரும்போதும் புது ஆன்டெனா கட்ட அதே டவரில் மறுபடி ஆள் ஏற வேண்டும். வேலை கொடுப்பவர் யார் என்பதும் மாறிவிட்டது. அரசுத் துறையின் லைன்மேனுக்கு முதலாளி ஒருவரே. டவர் ஏறும் இன்றைய இளைஞருக்கு மேலே சேவை நிறுவனம், டவர் நிறுவனம், பராமரிப்பு ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர் என்று அடுக்கடுக்காகப் பலர். பயிற்சி தருவது யார் பொறுப்பு என்ற கேள்வி இந்த அடுக்குகளுக்குள்தான் தொலைந்துபோகிறது.

சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1996இல் வந்த கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம், கட்டுமான வேலை என்பதற்குள் கம்பியில்லாத் தொடர்பு, தொலைபேசி, கோபுரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. மூன்று நான்கு ஆட்களை வைத்து வேலை எடுக்கும் துணை ஒப்பந்ததாரர் இந்த வரம்புக்கு வெளியே நின்றுகொள்ள முடிந்தது. அமெரிக்கா 1975இலேயே தொலைத்தொடர்பு வேலைக்கென்று தனி விதி செய்து, பயிற்சி பெறாதவரை அந்த வேலையில் இறக்கக் கூடாது என்றது. இந்தியாவில் டெலிகாம் செக்டர் ஸ்கில் கவுன்சில் டவர் டெக்னீசியன் வேலைக்குப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. பாடம் இருப்பது நல்லதுதான். அதைப் படித்தவரை மட்டுமே ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் சைட்டில் இருந்தால்தான் அது உயிரைக் காக்கும்.

பயிற்சியின் முதல் பாடம் பழைய பெல்ட்டின் குறையைத் தீர்ப்பது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் ஹார்னஸில் இரண்டு கொக்கிகள் உள்ள லேன்யார்டு (இணைப்புக் கயிறு) மாட்டப்படுகிறது. ஒரு கொக்கியை மேல் சட்டத்தில் மாட்டி, அது பூட்டிக்கொண்டதை இழுத்துப் பார்த்த பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். தரையை விட்டதிலிருந்து திரும்பி இறங்கும்வரை ஒரு கொக்கியாவது இரும்பில் இருக்க வேண்டும். இரண்டாம் பாடம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. விழுந்தவர் ஹார்னஸில் அசைவின்றித் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். 108 ஆம்புலன்ஸ் வந்தாலும் அதில் வருபவர் டவரில் ஏறமாட்டார். கீழே இறக்கும் கயிறும், அதைக் கையாளத் தெரிந்த இன்னொருவரும் சைட்டில் இருக்க வேண்டும். தனியாளாக ஏறக் கூடாது என்ற விதிக்குக் காரணம் இதுவே.

இந்த மண்ணுக்கென்று சில பாடங்களும் உண்டு. இரும்புச் சட்டங்களின் இடுக்கில் கதண்டு கூடு கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி திரண்டு வரும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புயலுக்கு மறுநாள் எல்லாரும் கேட்பது சிக்னல் எப்போது வரும் என்பதைத்தான். ஈரம் காயாத இரும்பு, இழுத்து நிற்கும் கம்பி, தொடர்ந்து ஓடும் டீசல் ஜெனரேட்டர் இவற்றுக்கு நடுவே அவசரப்படுத்தப்படும் நாளும் அதுதான்.

கோபுரக் கதிர்வீச்சு விஷயத்தில் அரசு வேகமாகச் செயல்பட்டது. 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரத்திலிருந்து பொதுமக்கள்மேல் படும் அலைக்கான வரம்பு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. கீழே குடியிருப்போரின் அச்சத்துக்குக் கிடைத்த பதில் அது. ஆன்டெனாவுக்கு முன்னே ஒரு முழ தூரத்தில் நிற்பவருக்குத் தேவையானது வேறு: தொடுவதற்கு முன் அந்த ஆன்டெனாவின் அலைபரப்பை நிறுத்திவிட்டார்கள் என்ற உறுதி.

எல்லைக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. தொலைத்தொடர்பில் புதுச்சேரி, தமிழ்நாடு வட்டத்தின் பகுதி. தொழிலாளர் துறையோ புதுச்சேரிக்குத் தனி. பாகூர் கடலூர் மாவட்டத்தோடும், வில்லியனூர் விழுப்புரம் மாவட்டத்தோடும் பின்னிக் கிடப்பதால் ஒரே குழு ஒரே நாளில் இரண்டு ஆட்சிப் பகுதிகளில் ஏறி இறங்க முடியும். 1995இல் திருத்தப்பட்ட இழப்பீட்டுச் சட்டம், விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றித் தொழிலாளியோ அவர் குடும்பமோ வசிக்கும் இடத்திலும் கோரிக்கை வைக்க வழி செய்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பணி நியமனக் கடிதத்தையும் கட்டாயமாக்கியது. கோபுரத் தொழிலாளி கட்டுமானத் தொழிலாளியே என்ற நிலை அப்படியே தொடர்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாளாவது வேலை செய்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வில்லியனூரிலும் பாகூரிலும் டவர் ஏறும் ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டிய காரியம் அந்தப் பதிவு.