உறைந்த பாதமும் ஒரு பதிவேடும்

1869-இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். அந்த இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பியையே அழித்தது. ஊவா மலைகளில் தேயிலை ஏறியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த சனங்கள் மட்டும் அதே லயங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு மருத்துவ வசதி செய்துதர 1872-இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்திருந்தது. 1912-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். தோட்டங்களில் டிஸ்பென்சரிகள் வந்தன. காய்ச்சலுக்குக் கலவை மருந்து கிடைத்தது, வெட்டுக்காயத்துக்குக் கட்டு கிடைத்தது. கவ்வாத்துக் கத்தி பட்ட புண் ஆறிய பிறகும் விரல் மடங்காமல் நின்றுபோனவருக்கு அங்கே மருந்து இல்லை. கை வராவிட்டால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழாது. ஆறிய காயத்துக்குப் பிறகும் ஒரு சிகிச்சை உண்டு என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சிகிச்சையின் ஒரு துளி, 1900-இல் ஊவாவுக்குள்ளேயே தற்செயலாக வந்து விழுந்தது. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களைப் பிரித்தானியர் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 5,000 பேர் வந்தார்கள், பெரிய முகாம் தியத்தலாவையில் அமைந்தது. முள்வேலிக்குள் அடைபட்ட விவசாயிகளுக்குப் பகல் முழுக்கச் செய்ய எதுவும் இல்லை. மரத்துண்டையும் எலும்பையும் எடுத்துச் செதுக்கத் தொடங்கினார்கள். கைத்தடி, புகைக்குழாய், சிறு பெட்டி என்று அவர்கள் செய்தவை இன்றும் தென்னாப்பிரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கைக்கு வேலை கிடைத்ததும் மனம் நிலைகொள்வதைக் காவலுக்கு நின்றவர்களும் பார்த்திருப்பார்கள். மருத்துவமாக அதை எழுதி வைக்க ஒருவரும் முன்வரவில்லை. 1902-இல் போர் முடிந்தது, கைதிகள் ஊர் திரும்பினார்கள். எழுதி வைக்கப் போகிறவர் அப்போது அமெரிக்காவில் நோயோடு போராடிக்கொண்டிருந்தார்.

ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் கட்டடக் கலைஞர். பாஸ்டனில் கைவினைக் கலைகளுக்காக உழைத்தவர். காசநோய் அவரை ஊரை விட்டுக் கிளப்பி, காற்றும் வெயிலும் நல்லதென்று கொலராடோவுக்கு அனுப்பியது. அங்கே 1912 வாக்கில், பஞ்சத்தில் தவித்த விவசாயிகளின் நிலையை நேரில் அறியப் போன பயணத்தில் இடது பாதம் பனியில் உறைந்தது. தசை அழுகி, விரல்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. துயரம் அதோடு நிற்கவில்லை. அறுவைக்குப் பின் உடலின் இடப்பக்கமே செயலிழந்தது. படித்த தொழிலும் போய், நடையும் போய், நியூயோர்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்த மனிதருக்கு வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது.

முடியவில்லை. 1914-இல் அங்கே ஒரு வீட்டை வாங்கி, தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார், கொட்டகையில் உளி பிடித்தார். மரம் இழைக்க இழைக்க, வராத கை வந்தது. கட்டட வரைபடம் போடுகிற ஒழுங்கோடு அதை யோசித்தார்: எந்த வேலை எந்தத் தசையை அசைக்கிறது, எந்த நோயாளிக்கு எது பொருந்தும்? வீட்டுக்கு ஆறுதல் இல்லம் என்று பெயர் வைத்தார். தன்னைப்போல யோசிப்பவர்கள் வேறு யாரும் உண்டா என்று கடிதங்கள் எழுதத் தொடங்கினார்.

1917 மார்ச் 15-ஆம் திகதி அந்த வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். அவர்களில் மருத்துவர் ஒருவர்தான், மனநல வைத்தியர் வில்லியம் ரஷ் டன்டன். கனடாவில் பணியாற்றிய தோமஸ் கிட்னரும் பார்ட்டனைப்போலக் கட்டடக் கலைஞர். எலினோர் கிளார்க் ஸ்லேகிள் சமூக சேவையாளர், சூசன் கொக்ஸ் ஜோன்சன் கைப்பணி ஆசிரியை, இசபெல் நியூட்டன் பார்ட்டனின் செயலாளர். நோயுற்றவருக்குத் தாதியர் கைவேலை கற்பிப்பது எப்படி என்று முன்பே புத்தகம் எழுதிய சூசன் டிரேசியால் வர முடியவில்லை. இந்தச் சிறு கூட்டம் தொழில்வழிச் சிகிச்சைக்கென்று ஒரு தேசியச் சங்கத்தை அமைத்து, பார்ட்டனைத் தலைவராக்கிக் கலைந்தது. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 6-ஆம் திகதி, அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது.

அமைதிக் காலமாக இருந்திருந்தால் அந்தச் சங்கம் ஊர்க் கூட்டமாகவே தேய்ந்து போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. போர் ஆயிரக்கணக்கில் கையிழந்தவர்களையும் மனம் கலங்கியவர்களையும் அனுப்பியது. இராணுவம் பெண்களைச் சேர்த்து, அவசரப் பயிற்சி கொடுத்து, மறுசீரமைப்பு உதவியாளர்கள் என்ற பெயரில் பிரான்சின் போர்க்கள வைத்தியசாலைகளுக்கே அனுப்பியது. கூடை முடைவதும் நெசவும் வேடிக்கை என்று நினைத்த வைத்தியர்கள், சில மாதங்களில் இன்னும் ஆட்களை அனுப்பும்படி கேட்டார்கள். புகழோடு ஓர் ஆபத்தும் வந்தது. ஆறு வாரம் படித்தவரும் தன்னைச் சிகிச்சையாளர் என்றார், ஒன்றும் படிக்காதவரும் அதையே சொன்னார். நோயாளிக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் கதைக்குள் பதிவேடு நுழைகிறது. 1923-இல் சங்கம் பயிற்சிக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை வகுத்தது. அதே ஆண்டில் பார்ட்டன் இறந்துபோனார். 1930-களின் தொடக்கத்தில், தகுதி பெற்றவர்களின் பெயர்களை மட்டும் அடக்கிய தேசியப் பதிவேடு வெளிவந்தது. பெயர் இருந்தால் நம்பலாம், இல்லாவிட்டால் கேள்வி கேட்கலாம். இதில் ஸ்லேகிளின் விடாப்பிடி பெரிது. ஆனாலும் அது சங்கத்தின் ஏடுதான். பெயர் இல்லாதவர் தொழில் செய்தால் தடுக்க அதற்குச் சட்டபலம் கிடையாது.

அதற்குள் தீப்பொறி அத்திலாந்திக்கைத் தாண்டிவிட்டது. வைத்தியர் எலிசபெத் காசன், மனநல வைத்தியசாலையொன்றில் சும்மா உட்கார்ந்திருந்த பெண்கள் நத்தார் அலங்காரம் செய்யத் தொடங்கியதும் அறையின் காற்றே மாறியதைக் கண்டவர். 1930-இல் பிரிஸ்டலில் டோர்செட் ஹவுஸ் பாடசாலையைத் தொடங்கினார். பிரித்தானியாவின் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பாடசாலை அது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பிரித்தானிய ஆட்சியிலிருந்த இலங்கையில் 1927-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. யார் வைத்தியம் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்பதைப் பதிவேட்டை வைத்தே தீர்மானித்த சட்டம். வைத்தியரும் மருத்துவிச்சியும் மருந்தாளரும் அதில் இடம்பெற்றார்கள். கை வராதவருக்குக் கை வரவைப்பவருக்கு அந்தச் சட்டத்தில் அப்போது இடமில்லை. அப்படியொரு தொழில் இருப்பதே இங்கே தெரியாது.

ஆசியாவுக்கு அதைக் கொண்டுவந்தவரின் கதை எல்லாவற்றிலும் விசித்திரமானது. எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கப் பெண் இந்தியரான விஷ்ணு நிம்ப்கரை மணந்து, கமலா நிம்ப்கர் ஆகி, இந்தியாவிலேயே வாழ்ந்தார். நடுவயதில் அமெரிக்கா சென்று தொழில்வழிச் சிகிச்சை படித்துத் திரும்பினார். 1950-இல் பம்பாயின் கே.இ.எம். வைத்தியசாலையில் பாடசாலையைத் திறந்தார். ஆசியாவில் அதுவே முதல். 1952-இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்றாக இருந்தது. அந்தத் தொழில் ஊவாவின் பதுளைக்கு மிக அருகே வந்துவிட்டதாகத் தோன்றும். நடுவில் இருந்தது பாக்கு நீரிணை மட்டுமல்ல.

1948-இல் சுதந்திர இலங்கையின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், பசறையிலும் நமுனுகுலையிலும் ஹாலிஎலையிலும் அப்புத்தளையிலும் தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. அரசாங்கப் பயிற்சிக்கும் அரசாங்க வேலைக்கும் குடியுரிமை வேண்டும். கொழும்புப் பெரியாஸ்பத்திரியோடு இணைந்த பாடசாலை இயன்மருத்துவர்களையும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களையும் உருவாக்கத் தொடங்கியபோது, லயத்தில் பிறந்த பிள்ளையிடம் விண்ணப்பத்தில் காட்டுவதற்கு நாடே இல்லை. இந்தக் கதையில் நேர்ந்த விபத்துகள் எல்லாவற்றையும்விடக் கொடுமையானது இது என்றே நான் கருதுகிறேன். பார்ட்டனின் பாதத்தை உறைய வைத்தது பனி. இதைச் செய்தது சட்டம்.

வெளியே சட்டங்கள் வேகமெடுத்தன. 1960-இல் பிரித்தானியா, மருத்துவத்துக்குத் துணைபுரியும் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றித் தொழில்வழிச் சிகிச்சையாளரை அரச பதிவுக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் சங்கம் அரச உரிமத்தை முதலில் விரும்பவில்லை, தன் பதிவேடே போதும் என்றது. 1968-இல் புவேர்ட்டோ ரிக்கோ உரிமச் சட்டம் இயற்றியது. 1975-இல் நியூயோர்க்கும் புளோரிடாவும் பின்தொடர்ந்தன. பார்ட்டன் உளி பிடித்த அதே மாநிலத்தில், அவர் கண்ட தொழிலை இனி அரசின் அனுமதியோடுதான் செய்யலாம் என்றாயிற்று. இலங்கையில் 1927-இன் பழைய சட்டம் திருத்தங்களோடு வளர்ந்தது. மருத்துவத்துக்குத் துணைபுரியும் தொழில்கள் என்ற அதே தலைப்பின் கீழ், இலங்கை மருத்துவ சபையின் ஏட்டில் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கும் ஒரு பகுதி வந்தது. ஏடு திறந்துவிட்டது. அதில் பெயர் எழுத மலையகத்துக்குத்தான் இன்னும் வழி திறக்கவில்லை.

வழி இரண்டு தவணையாகத் திறந்தது. 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. விடுபட்டவர்களை 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் சேர்த்துக்கொண்டது. தியத்தலாவையில் போயர்கள் மரம் செதுக்கி நூறு ஆண்டுகள் கழித்து, அந்த மலையின் மக்கள் எல்லோரும் விண்ணப்பப் படிவத்தில் இலங்கைப் பிரசை என்று எழுதலாம் என்றானது.

பதுளை வைத்தியசாலைச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்கும் சான்றிதழ்களில், பார்வையாளர் ஒருவரும் நின்று வாசிக்காத ஒன்று உண்டு. இலங்கை மருத்துவ சபையின் முத்திரை, ஒரு பெயர், ஒரு பதிவிலக்கம், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்ற சொல். இத்தனை கதையும் பெற்றெடுத்தது அந்தக் காகிதத்தைத்தான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்து, கொழும்பில் பயிற்சி முடித்து, அல்லது றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பட்டப்படிப்பை முடித்து, சபையில் பதிந்த பிறகே ஒருவர் அந்தப் பெயரில் நோயாளியைத் தொடலாம்.

அந்தத் தொடுகை என்னவென்று கொழுந்து எடுக்கும் கையை வைத்துச் சொன்னால் விளங்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்கக் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் ஒன்றையொன்று சரியான பலத்தில் சந்திக்க வேண்டும். பக்கவாதம் வந்த பெண்ணிடம் சிகிச்சையாளர் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல, விடியற்காலையில் எழுந்தால் என்னென்ன செய்வார் என்பதை. அடுப்பில் ரொட்டி சுடுவது, சட்டைக்கு ஊக்கு மாட்டுவது, லயத்துப் படியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறுவது, கூடையின் பட்டியைத் தலையில் சரிசெய்வது. பிறகு அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, பயற்றம் விதையைக் கிள்ளி எடுப்பதிலிருந்து பயிற்சி தொடங்கும். விரல் சுருண்டு இறுகாமலிருக்க வார்ப்புத் தாங்கி செய்து மாட்டுவார். பிடி வராத கரண்டிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்குவார். எந்தப் படியில் கைப்பிடி போட வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்வார். இறுக்கமான தசையை அளவறியாமல் இழுத்தால் தோள்மூட்டு நழுவும், உணர்ச்சியற்ற கையில் தாங்கியைத் தவறாக மாட்டினால் புண் வரும். டிஸ்பென்சரியில் யார் எது கொடுத்தாலும் வாங்கிக் குடித்துப் பழக்கப்பட்ட சமூகத்துக்கு, தன்னைத் தொடுபவரின் பெயர் ஏட்டில் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை கிடைத்தது சின்ன விஷயமில்லை.

கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியா 2021-இல்தான் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. பம்பாயில் கமலா நிம்ப்கர் பாடசாலை திறந்து எழுபத்தொரு ஆண்டுகள் கழித்து. ஊவாவில் தடை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தோட்டப்புறப் பாடசாலைகள் மிகக் குறைவு. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் நிரந்தர ஆசிரியர்களை நியமித்தால், கொழுந்து எடுக்கும் கையின் மொழியைப் பிறப்பிலேயே அறிந்தவர்கள் அந்த ஏட்டில் பெயர் எழுதுவார்கள். நியமிக்க வேண்டிய அதிகாரம் பதுளையிலுள்ள ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் பத்தரமுல்லையிலுள்ள கல்வி அமைச்சிடமும் இருக்கிறது.