பழைய காருக்கு ரூ.150 கோடி! ஒரிஜினலா... டூப்ளிகேட்டா... கண்டுபிடிப்பது எப்படி?

காயலாங்கடைக்குப் போயிருக்க வேண்டிய வயது. ஆனால் ஏலத்தில் அந்தக் கார் போன விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2 கோடியே 20 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் நம்ம ஊர் பணத்துக்கு 150 கோடி ரூபாய்க்கும் மேல்.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பெபிள் பீச்சில் இந்த ஏலம் நடந்தது. விற்பனையானது 1935-ல் செய்த டூசன்பெர்க் எஸ்.எஸ்.ஜே. கார். இந்த ரகத்தில் செய்ததே மொத்தம் 2 கார்தான். ஒன்று ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பரிடம் இருந்தது. இன்னொன்று நடிகர் கிளார்க் கேபிளிடம். ஏலம் போனது கேரி கூப்பரின் கார்.

நடிகர் ஓட்டிய கார் என்பதற்காக மட்டும் இவ்வளவு விலை இல்லை. அது ஒரிஜினல். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை கோடி. 2-ம் உலகப்போருக்கு முந்தைய அமெரிக்க சொகுசு கார்களை தேடிப்பிடித்து, பழுது நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவருவது அங்கே பெரிய தொழில். அதில் ஏமாறுகிறவர்களும் உண்டு, ஏமாற்றுகிறவர்களும் உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

சேஸ் ஒரு இடம்... பாடி ஒரு இடம்...

நம்ம ஊரில் பஸ் வாங்குகிறவர்கள் கம்பெனியில் சேஸ் மட்டும் எடுத்து, கரூருக்குக் கொண்டுபோய் பாடி கட்டுவார்கள் அல்லவா? அந்தக் காலத்து அமெரிக்க பணக்காரர்கள் கார் வாங்கியதும் பெரும்பாலும் அப்படித்தான்.

1928-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூயார்க் கண்காட்சியில் டூசன்பெர்க் மாடல் ஜே அறிமுகம் ஆனது. என்ஜினும் சேஸும் மட்டும் 8 ஆயிரத்து 500 டாலர். அப்போது சாதாரண ஜனங்கள் வாங்கிய ஃபோர்டு மாடல் ஏ, முழுக்காராகவே சுமார் 500 டாலருக்குக் கிடைத்தது. அதாவது ஒரு டூசன்பெர்க் சேஸ் காசில் 17 ஃபோர்டு வாங்கி வாசலில் வரிசையாக நிறுத்தலாம்!

பாடி கட்ட தனிக்காசு. கலிபோர்னியாவில் மர்பி, நியூயார்க்கில் ரோல்ஸ்டன், இன்னும் லெபாரன், ஜட்கின்ஸ், டெர்ஹாம் என்று பெயர்போன பட்டறைகள் இருந்தன. ஒவ்வொரு பட்டறையின் வளைவும் ஒரு தினுசு.

என்ஜினும் சும்மா இல்லை. 8 சிலிண்டர், 6.9 லிட்டர், 265 குதிரைசக்தி என்று கம்பெனி சொன்னது. அதே சமயத்தில் ஃபோர்டு மாடல் ஏ காருக்கு 40 குதிரைசக்திதான். டாஷ்போர்டில் சின்னச்சின்ன விளக்குகள் உண்டு. 700 மைல் ஓடினால் ஆயில் மாற்றச் சொல்லி ஒரு விளக்கு எரியும். 1,400 மைல் ஆனால் பேட்டரி தண்ணீரைப் பார்க்கச் சொல்லி இன்னொன்று எரியும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதைச் செய்தார்கள்.

மற்ற ராஜாக்கள்

டூசன்பெர்க் மட்டும் அல்ல. கேடிலாக் கம்பெனி 1930 ஜனவரியில் 16 சிலிண்டர் கார் விட்டது. பானெட்டைத் திறந்தால் ஒயர் எதுவும் கண்ணில் படாது. எல்லாம் மறைத்து, என்ஜினையே நகை மாதிரி அலங்கரித்து வைத்திருந்தார்கள். 1940 வரை மொத்தம் 4 ஆயிரம் சொச்சம்தான் தயாரானது.

பேக்கார்டு கம்பெனி 1915-லேயே 12 சிலிண்டர் கார் செய்தது. பியர்ஸ் ஆரோ காரின் ஹெட்லைட் மட்கார்டோடு சேர்ந்தே இருக்கும். தூரத்தில் வரும்போதே இன்ன கார் என்று சொல்லிவிடலாம். மார்மன் கம்பெனி அலுமினியத்தில் 16 சிலிண்டர் என்ஜின் வார்த்தது. லிங்கன், கோர்டு, ஆபர்ன் என்று பட்டியல் நீளும்.

நம் நாட்டு மகாராஜாவும் விடவில்லை. இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் 1930-களில் டூசன்பெர்க் சேஸ் வாங்கி, லண்டனில் கர்னி நட்டிங் பட்டறையில் பாடி கட்டினார். ஆரஞ்சு - கறுப்பு கலர். பிற்பாடு அந்தக் கார் அமெரிக்காவுக்கே போய்விட்டது.

காயலாங்கடைக்குப் போன கோடிகள்

1929 அக்டோபரில் அமெரிக்க பங்குச்சந்தை விழுந்தது. கார் வாங்க ஆள் இல்லை. 1932-ல் கம்பெனியை உருவாக்கிய பிரெட் டூசன்பெர்க், தன் கம்பெனி காரையே ஓட்டிச்சென்று விபத்தில் சிக்கி இறந்தார். 1937-ல் கம்பெனியும் மூடியது. மாடல் ஜே ரகத்தில் வெளிவந்தது 480 சொச்சம் கார்கள்தான். 1938-ல் பியர்ஸ் ஆரோவும் போயே போச்சு. இந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்த தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள்.

அடுத்து போர். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பே நின்றது. இரும்பு, அலுமினியம் எல்லாம் போருக்குத் தேவை என்று வீடுவீடாக பழைய சாமான் சேகரித்தார்கள். பெட்ரோல் குடிக்கும் பெரிய கார்கள் பல உடைபட்டு உருகின. என்ஜின் பலமாக இருந்ததால் சில பேக்கார்டு, கேடிலாக் கார்களின் பின்பக்கத்தை வெட்டி, பழுதான வண்டிகளை இழுக்கும் வண்டியாக மாற்றினார்கள். தப்பிப் பிழைத்தவைதான் இன்று கோடிகளில் போகின்றன.

500 டாலர் கார்... 65 ஆயிரம் டாலர் செலவு!

அழகு சாதன கம்பெனி நடத்திய ஜே.பி.நெதர்கட் என்ற தொழில் அதிபர் 1956-ல் 2 பழைய கார் வாங்கினார். ஒன்று 5 ஆயிரம் டாலருக்கு டூசன்பெர்க். இன்னொன்று 500 டாலருக்கு 1930-ம் வருட டூபான்ட் கார். டூபான்ட்டை சில வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். ஆனது 18 மாதம். செலவு 65 ஆயிரம் டாலர்! ஆனால் அந்தக் கார் பெபிள் பீச் போட்டியில் முதல் பரிசை வாங்கிக் கொடுத்தது. அவர் 1971-ல் கலிபோர்னியாவின் சில்மரில் திறந்த கார் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது.

நெவாடா மாநிலம் ரீனோவில் சூதாட்ட விடுதி நடத்திய பில் ஹாரா, சுமார் 1,400 கார் சேர்த்தார். ஒவ்வொரு காரும் கம்பெனியில் இருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்காக பட்டறையோடு பெரிய ஆராய்ச்சி நூலகமே வைத்திருந்தார். 1978-ல் அவர் இறந்தார். சொத்து கைமாறியது. பெரும்பாலான கார்கள் ஏலத்தில் சிதறின. மிஞ்சியதை வைத்து 1989-ல் ரீனோவில் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

*மரம்:* வெளியே தகரமும் அலுமினியமும் தெரிந்தாலும், பல கார்களில் உள்ளே எலும்புக்கூடு மரம். அது உளுத்துப்போனால் கதவு தொங்கும். ஆசாரி பழைய கட்டையை அளவெடுத்து, அதே மாதிரி செதுக்கிப் பொருத்த வேண்டும்.

*பேரிங்:* இன்றைய மாதிரி பேரிங் செல் வாங்கிப் போட முடியாது. பல என்ஜின்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, பிறகு லைன் போரிங் செய்ய வேண்டும். இது தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

*வார்ப்பு சாமான்:* கார்புரேட்டர், கைப்பிடி போன்றவற்றில் பலவும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அந்தக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் வருடங்கள் போகப்போக வெடித்து உதிர்ந்துவிடும். வெல்டிங் நிற்காது. புதிதாக அச்சு எடுத்து வார்ப்பதுதான் வழி.

*பெயிண்ட்:* 1920-களின் நடுவில் இருந்து பல கார்களுக்கு அடித்தது சீக்கிரம் காயும் லாக்கர். பூச்சுக்கு மேல் பூச்சு அடித்து, கையால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். இன்றைய கிளியர் கோட் அடித்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஆனால் அது அந்தக் காலத்து பளபளப்பு அல்ல.

பழைய வண்டியில் கை வைப்பது ஆபத்தும்கூட. டி.வி. நட்சத்திரம் ஜே லெனோ பெரிய கார் சேகரிப்பாளர். 2022 நவம்பரில் 1907-ம் வருட நீராவி காரின் அடியில் படுத்து, அடைத்துக்கொண்ட பெட்ரோல் பைப்பை சரிசெய்தார். பெட்ரோல் முகத்தில் தெறித்து தீப்பிடித்தது. பலத்த தீக்காயத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிழைத்தார்.

ஏமாற்றுவது எப்படி? பிடிப்பது எப்படி?

சேஸ் வேறு, பாடி வேறு என்பதால்தான் பித்தலாட்டத்துக்கு இடம். 4 கதவு பெரிய காரைவிட, கூரை மடக்கும் 2 கதவு காருக்கு விலை அதிகம். அதனால் பழைய பாடியைக் கழற்றி வீசிவிட்டு, புதிதாக ஒரு பாடி கட்டி ‘அந்தக் காலத்து கார்’ என்று தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு காரின் என்ஜினை இன்னொன்றுக்கு மாற்றுவதும் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் பார்ப்பது இவைதான்:

1. நம்பர்: என்ஜின், சேஸ், பாடி நம்பர்கள் கம்பெனி கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். டூசன்பெர்க் மாடல் ஜே என்ஜின் நம்பர் ‘ஜே’ என்ற எழுத்தில் தொடங்கும். எந்த என்ஜின் எந்தக் காரில் இருந்தது என்று ஆர்வலர் சங்கத்தினர் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

2. ஸ்குரு: பிளஸ் தலை ஸ்குரு கார் தயாரிப்புக்கு வந்ததே 1936-ல் கேடிலாக் கம்பெனியில்தான். 1930 கார் என்று சொல்லி பிளஸ் ஸ்குரு தெரிந்தால், யாரோ பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

3. முலாம்: குரோம் முலாம் பரவியது 1920-களின் கடைசியில். அதற்கு முன்பு நிக்கல்தான். நிக்கல் லேசாக மஞ்சளடிக்கும். குரோம் நீலமடிக்கும். 1924 கார் குரோமில் மின்னினால் சந்தேகப்படலாம்.

4. மரத்தில் குத்திய எண்: பாடி கட்டிய பட்டறைக்காரர்கள் மரச்சட்டத்திலும் தகடுகளிலும் வேலை எண் குத்தி வைப்பார்கள். சீட்டைத் தூக்கினால்தான் தெரியும்.

5. காகிதம்: பழைய போட்டோ, பில், கைமாறிய விவரம். ‘எல்லாம் தொலைந்துபோச்சு’ என்றால் யோசிக்க வேண்டும்.

பளபளப்பு நல்லதா... கெட்டதா?

பெபிள் பீச் கார் கண்காட்சி 1950-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் புதுக்கார்களே பரிசை அள்ளின. 1955-ல் பில் ஹில் என்ற பந்தய வீரர், தன் குடும்பத்தில் இருந்த 1931-ம் வருட பியர்ஸ் ஆரோவை சரிசெய்து கொண்டுவந்து முதல் பரிசைத் தட்டினார். போருக்கு முந்தைய கார் அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை. இவர்தான் 1961-ல் பார்முலா-1 உலக சாம்பியன் ஆனவர்.

அதன் பிறகு போட்டி முற்றியது. கம்பெனியில் இருந்து வந்தபோதுகூட இல்லாத பளபளப்பை ஏற்றினார்கள். கம்பெனி வெறும் பெயிண்ட் அடித்த இடத்திலும் குரோம் போட்டார்கள். இதில் பறிபோனது அசல் பெயிண்ட், அசல் தோல், அசல் துணி.

இப்போது காற்று திரும்பிவிட்டது. யாரும் கை வைக்காத காருக்கு பெபிள் பீச்சிலேயே தனிப்பிரிவு, தனிப்பரிசு. பெயிண்ட் வெடித்து, சீட் கிழிந்திருந்தாலும் மரியாதை உண்டு. இந்தப் பிரிவுக்காரர்கள் சொல்லும் கணக்கு சிம்பிள். பழுது பார்ப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். ஒரிஜினலாக இருப்பது ஒரே ஒரு தடவைதான். சுரண்டி எறிந்த பெயிண்டை எந்தக் கோடீஸ்வரனாலும் திரும்ப வாங்க முடியாது.

அதற்காக உளுத்த மரத்தையும் தேய்ந்த பிரேக்கையும் அப்படியே விட முடியுமா? முடியாது. ஓடும் சாமான்களை சரிசெய், கண்ணுக்குத் தெரியும் தோலை விட்டுவை, மாற்றியதை எழுதிவை என்பதே நடுவழி. கழற்றிய பழைய சாமானைக்கூட பெட்டியில் போட்டு காரோடு கொடுப்பவர்கள் உண்டு.

தொழில் கற்க காலேஜ்

வெள்ளை உலோகம் ஊற்றத் தெரிந்தவரும், சக்கரத்தில் தகடு உருட்டி வளைவு எடுக்கத் தெரிந்தவரும் வயதாகி ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதற்காக கன்சாஸ் மாநிலத்தில் மெக்பெர்சன் கல்லூரி 1976-ல் பழைய கார் சீரமைப்பு படிப்பு தொடங்கியது. இன்று அங்கே 4 வருட பட்டமே கொடுக்கிறார்கள். டிங்கரிங், என்ஜின், பெயிண்டிங், சீட் தையல் எல்லாம் பாடம்.

இண்டியானா மாநிலம் ஆபர்ன் நகரில், பழைய ஆபர்ன் கம்பெனியின் ஷோரூம் கட்டிடத்திலேயே 1974 முதல் ஆபர்ன் கோர்டு டூசன்பெர்க் அருங்காட்சியகம் நடக்கிறது.

ஏலத்தில் கூப்பிடுவது நடிகர் பெயரையும் மகாராஜா பெயரையும்தான். ஆனால் அந்த மரத்தில் எண் குத்தியவரும், தகட்டை உளியால் வெட்டியவரும், பெயிண்டைக் கையால் தேய்த்தவரும் பெயர் தெரியாத பட்டறைத் தொழிலாளிகள். அவர்கள் கைபட்ட தடம் மிச்சம் இருக்கும் காருக்குத்தான் ஒரிஜினல் என்று பெயர். 150 கோடி ரூபாய் விலையும் அதற்குத்தான்.