ஜீப்பின் பேரனுக்குச் சேற்றில் இறங்கத் தெரியுமா?

புனே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. நான் பார்க்கவே இந்த ஊரில் ஸ்கூட்டர்கள் குறைந்து பெரிய பெரிய எஸ்யூவிகள் பெருகிவிட்டன. இங்கே பொட்டி தட்டிப் பிழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் விதிவிலக்கில்லை. மழைக்காலத்தில் தாம்ஹிணி மலைப்பாதைப் பக்கம் போகலாமா என்று பேச்சு வந்தால், "நம்ம வண்டி எஸ்யூவிதானே, எங்க வேணும்னாலும் ஏறும்" என்பார் ஒருவர். "சும்மா இருங்க சார், இதெல்லாம் மால் பார்க்கிங்குக்குச் செஞ்ச வண்டி. அந்தக் காலத்து ஜீப்பு மாதிரி வருமா?" என்பார் இன்னொருவர். இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு எந்தப் பாதி உண்மை என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஜீப்பு. இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்க ராணுவம் கேட்டு வாங்கிய வண்டி. 1941ல் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தன. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, அதோடு 'லோ ரேஞ்ச்' என்ற கூடுதல் கியர். வண்டி ஆமை வேகத்தில் போகும், ஆனால் இழுவை பல மடங்காகும். 1940களின் கடைசியில் மஹிந்திரா இதை இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தது. நமக்குப் போலீஸ் ஜீப்பு, எஸ்டேட் ஜீப்பு, தேர்தல் ஜீப்பு என்று பழகிப்போனது அதன் வாரிசுகள்தான். ஒரு வேடிக்கை, நம் ஊரில் ஓடியவற்றில் பலவற்றுக்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான். அவை மலை ஏறியதில் பாதிப் பெருமை டிரைவர் அண்ணனுக்குச் சேர வேண்டும் :-)

போர் முடிந்ததும் இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பிறந்ததுதான் லேண்ட் ரோவர், 1948ல். இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1970ல் அதே கம்பெனி ரேஞ்ச் ரோவரைக் கொண்டுவந்தது. இன்றைய சொகுசு எஸ்யூவிகளின் தாத்தா என்று இதைச் சொல்லலாம். சாலையில் கார் போல மெத்தென்று போகும், காட்டிலும் இறங்கும். சொகுசு என்றாலும் உள்ளே வினைல் சீட்டும் ரப்பர் பாயும்தான், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம்.

அது வெறும் ஷோகேஸ் பொம்மையா? இல்லை. 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் அடிமுனைக்கு இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் கிளம்பின. வழியில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டாரியன் காடு, சாலையே கிடையாது. அதைக் கடக்க ஏறக்குறைய நூறு நாள் ஆயிற்று. சதுப்புக்காக மாட்டிய ராட்சச டயர்களின் பாரம் தாங்காமல் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. முன்னால் வழி பார்க்க ஒரு பழைய லேண்ட் ரோவரை வாங்கி விட்டார்கள். ஆனாலும் இரண்டு ரேஞ்ச் ரோவர்களும் கடந்தன. 1979ல் நடந்த முதல் பாரிஸ்-டாக்கர் பந்தயத்தில் கார் பிரிவில் ஜெயித்ததும் ரேஞ்ச் ரோவர்தான், 1981ல் மறுபடியும். ஆக, "சொகுசு வந்ததும் வீரம் போச்சு" என்பது வரலாற்றுப்படி சரியில்லை.

அப்படியானால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? 1990களில். அதுவரை ஜீப்பைக் காராக மாற்றிக்கொண்டிருந்தவர்கள், அப்போது காரை ஜீப்பு போல உயர்த்த ஆரம்பித்தார்கள். 1994ல் டொயோட்டா ராவ்4, 1998ல் லெக்சஸ் ஆர்எக்ஸ், 1999ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5. வெளித்தோற்றம் ஒன்று, வம்சம் வேறு. எக்ஸ்5ல் நான்கு சக்கர இழுவை உண்டு, லோ ரேஞ்ச் கிடையாது. பனி, மழை, மண்சாலைக்கு அது தாராளம். பாறைக்குப் போதாது.

இதில் எனக்குப் பிடித்த கதை போர்ஷே கயென். 2002ல் வந்த முதல் கயெனில் லோ ரேஞ்ச் இருந்தது, நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதியும் இருந்தது. மாஸ்கோவிலிருந்து மங்கோலியா வரை போகும் டிரான்ஸ்சைபீரியா பந்தயத்தை 2006, 2007, 2008 என்று மூன்று முறை ஜெயித்தது. 2010ல் அடுத்த தலைமுறை வந்தபோது அந்த லோ ரேஞ்சைக் கழற்றிவிட்டார்கள். எடை குறையும், வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அதைத் தொடுவதுமில்லை. யந்திரத்துக்குத் திறமை இல்லாமல் போகவில்லை, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று.

இன்னொரு பக்கம், பழைய வம்சமும் அழியவில்லை. 1979ல் வந்த மெர்சிடிஸ் ஜி-கிளாஸின் 2018ன் புதிய பெட்ரோல், டீசல் வண்டிகளிலும் தனிச் சட்டம், லோ ரேஞ்ச், மூன்று டிஃபரன்ஷியல் பூட்டு எல்லாம் உண்டு. பழைய டிஃபெண்டர் 2016ல் நின்றது. 2019ல் அறிமுகமான புதியதற்குக் காரைப் போல ஒரே கூடாக உடம்பு, "போச்சுடா" என்றார்கள் ரசிகர்கள். ஆனால் ஏர் சஸ்பென்ஷனோடு அது 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றினால், கம்ப்யூட்டர் அதை மட்டும் பிரேக் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும். அந்தக் காலத்தில் டிரைவர் அண்ணன் செய்ததில் பாதியை இன்று சிப் செய்கிறது. புதிதாக ஓட்டுகிறவரையும் அது காப்பாற்றும்.

சிப்பால் முடியாதவை மூன்று. முதலாவது டயர். அழகுக்காக 21, 22 அங்குல சக்கரம் போட்டால் ரப்பரின் உயரம் குறையும், கூர்கல் பட்டதும் கிழியும். ஈர ரோட்டுக்கான டயர் சேற்றில் வழுக்கும். இரண்டாவது எடை. இன்றைய பெரிய வண்டிகள் இரண்டரை டன்னைத் தொடுகின்றன, புதைந்தால் இழுக்க டிராக்டர்தான் வர வேண்டும். மூன்றாவது மனசு. கதவில் ஒரு கீறல் விழுந்தால் ராத்தூக்கம் போகிறவர் எந்த முள்காட்டில் இறங்குவார்?

ஆகவே "எஸ்யூவியா?" என்று கேட்பதில் பயனில்லை. லோ ரேஞ்ச் உண்டா, அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன டயர் என்று கேளுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது. 900 மில்லிமீட்டர் என்ற கணக்கும் அசையாத தண்ணீருக்குத்தான். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் புரண்டு ஓடினால், எந்த வம்சத்து வண்டியானாலும் அந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு ஒரு டீ குடியுங்கள். வெள்ளம் வடியட்டும்.