தீயின் இடைவெளி: வடபுலக் காடுகள் எழுதிவைத்த வரலாறு

அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா எனப் பூமியின் வடபகுதியைச் சுற்றிப் படர்ந்திருக்கும் ஊசியிலைக் காடுகளின் வரலாற்றைத் தீயை விலக்கிவிட்டு எழுத இயலாது. ஆயினும் கடந்த மூன்று நூற்றாண்டுகளில் அத்தீயைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இரண்டே தீர்ப்புகளில் அடங்கிவிடுகிறது. தீ காட்டின் பகை என்பது பழைய தீர்ப்பு. தீ இயற்கையானது, காடு தானே மீண்டுவிடும் என்பது புதியது. காலநிலைக்கும் தீக்கும் மரத்துக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடைப்பட்ட காலமே. இரு தீர்ப்புகளும் அந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் சான்றைப் பற்றிச் சில சொற்கள். வடபுலத்தில் மரம் வளரும் பருவம் குறுகியது. ஒவ்வொரு கோடையும் மரத்துள் ஒரு வளையத்தை விட்டுச் செல்கிறது. குளிர் மிகுந்த எல்லைப் பகுதிகளில் வெப்பமான கோடை அகன்ற வளையத்தைத் தருகிறது. அலாஸ்காவின் வறண்ட உட்பகுதியிலோ அதே வெப்பம் நீரின்மையால் வளையத்தைக் குறுக்கிவிடுகிறது. தீ அடிமரத்தைச் சுட்டு, மரம் பிழைத்துக்கொண்டால், பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு அவ்விடத்தில் மட்டும் மடிகிறது. பின்வரும் ஆண்டுகளின் வளையங்கள் அப்புண்ணின் ஓரங்களிலிருந்து வளைந்து அதை மூட முயல்கின்றன. அத்தழும்பு எந்த வளையத்தில் விழுந்துள்ளது என்று எண்ணினால் தீ எரிந்த ஆண்டு தெரியும். சூரியப் புள்ளிகளின் சுழற்சிக்குச் சான்று தேடி மர வளையங்களிடம் வந்த வானியலாளர் ஏ. இ. டக்ளஸ், 1937இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வகத்தை நிறுவினார். காலநிலையையும் தீயையும் ஒரே மரத்தில் சேர்த்து வாசிக்கும் முறை இத்துறையிலிருந்தே வளர்ந்தது.

காட்டுத்தீ என்னும் ஒற்றைச் சொல்லால் நாம் இருவேறு நிகழ்வுகளைக் குறிக்கிறோம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஐரோப்பிய, சைபீரியக் காடுகளில் பரவலாகக் காணப்படுவது தரையோடு ஊர்ந்து செல்லும் தீ. தடித்த பட்டையுடைய ஸ்காட்ஸ் பைன் அதைத் தாங்கிப் பிழைத்துத் தழும்போடு வாழ்கிறது. வட அமெரிக்க ஊசியிலைக் காடுகளில் மர உச்சிகளைப் பற்றியெரியும் தீ மிகுதி. அங்கே ஜாக் பைன் பிழைக்க முயல்வதில்லை. பிசினால் மூடப்பட்ட அதன் கூம்புகள் ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திறந்து, தாய்மரம் எரிந்த சாம்பலில் விதைகளை உதிர்க்கின்றன. முன்னதில் தனிமரம் தப்புகிறது. பின்னதில் தலைமுறை தப்புகிறது.

தீயோடு வாழ்ந்த மக்கள் இதை அறிந்திருந்தனர். அந்த அறிவு ஏட்டில் ஏறுவது எளிதாக இருக்கவில்லை. சுவீடன் உழவர்கள் காட்டை எரித்துச் சாம்பலில் பயிரிட்டு வந்தனர். 1749இல் தென் சுவீடனுக்குப் பயணம் செய்த லின்னேயஸ், அவ்வழக்கத்துக்குச் சார்பாகத் தம் நூலில் எழுதினார். செல்வாக்கு மிக்க பிரபுவான கார்ல் ஹோர்லேமன் கடுமையாக எதிர்க்கவே, 1751இல் நூல் வெளிவந்தபோது அப்பகுதி நீக்கப்பட்டு, எருவைப் பற்றிய குறிப்பு அங்கே இடம்பெற்றது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை உலகுக்கு அளித்தவராலும் உழவரின் தீக்காக ஒரு பக்கத்தைக் காக்க முடியவில்லை.

அடுத்த நூற்றாண்டில் ஜெர்மானிய வனவியல் இந்த அச்சத்தை நிர்வாகக் கொள்கையாக்கியது. அம்மரபில் வந்த டீட்ரிச் பிராண்டிஸ் 1864இல் பிரித்தானிய இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானார். காடுகளைத் தீயிலிருந்து காப்பது துறையின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் 1896இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் வன அதிகாரி ஸ்லேடு, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்றும், அதனால் தேக்கின் மறுவளர்ச்சி குன்றுகிறது என்றும் எழுதினார். அதாவது ஐயம் துறைக்குள்ளேயே எழுந்துவிட்டது. எனினும் பிராண்டிஸிடம் அறிவுரை பெற்ற கிஃபோர்ட் பின்ஷோ 1905இல் அமெரிக்க வனச் சேவையின் முதல் தலைவரானபோது, அவரோடு கடல் கடந்தது ஐயமன்று, கொள்கையே. 1910 ஆகஸ்டில் ஐடாஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்து, 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரம் கொள்கையை உறுதியாக்கிற்று. 1935 முதல், எங்கே தீ தென்பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அதை அடக்கிவிட வேண்டும் என்பது விதியாயிற்று.

அதே 1910இல்தான் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ், கொலராடோவின் லாட்ஜ்போல் பைன் காடுகள் பழைய தீக்களின் பிள்ளைகள் என்பதைத் தழும்புகளையும் மரங்களின் வயதையும் கொண்டு விளக்கியிருந்தார். அதை முழுமையான வரலாறாக விரித்தவர் மிரன் ஹைன்சல்மன். கனடா எல்லையை ஒட்டிய வடக்கு மினசோட்டாவின் ஏரிக்காடுகளில் 1595 முதலான தீ ஆண்டுகளை அவர் வரைபடமாக்கி 1973இல் வெளியிட்டார். தீத்தடுப்பு தொடங்கும் முன் எரிந்த பரப்பில் 83 விழுக்காடு ஒன்பதே தீக்காலங்களில் எரிந்திருந்தது. 1863–64, 1875, 1894 ஆகியவை அவற்றுள் சில. பெருந்தீக்கள் நெடிய வறட்சியை ஒட்டியே நிகழ்ந்திருந்தன. ஏறத்தாழ 100 ஆண்டுகளில் அக்காட்டின் மொத்தப் பரப்புக்கு ஈடான நிலம் எரிந்துவந்தது. பெருந்தீக்குக் காலம் குறித்தது காலநிலை. அதற்குள் முதிர்ந்து விதை சேர்க்கும்படி அமைந்திருந்தது மரத்தின் வாழ்வு.

இவ்வரலாற்றில் மனிதருக்கும் இடமுண்டு. அதே ஏரிக்கரைகளில் பழைய செம்பைன் மரங்களின் தழும்புகளை அண்மைக்கால ஆய்வாளர்கள் வாசித்தபோது, அனிஷினாபே பழங்குடியினரின் படகு வழிகளை ஒட்டித் தரைத்தீக்கள் அடிக்கடி எரிந்திருப்பது தெரிந்தது. நீலநிறப் பெர்ரிச் செடிகள் செழிக்கவும் கரைகள் திறந்திருக்கவும் அம்மக்கள் தீயைப் பயன்படுத்தினர். 1964இன் வனாந்தரச் சட்டம் இந்நிலத்தை மனிதக் கட்டுப்பாடு படாத இயற்கையின் பட்டியலில் சேர்த்தது. மக்களை வெளியேற்றிய வரலாறு சட்டத்தின் மொழியில் மறைந்தது; மரத்தில் மறையவில்லை.

இன்று சிக்கல் இடம் மாறியிருக்கிறது. 2023இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. இதுவும் இயற்கையே என்று ஆறுதல் கொள்ள முடியாமைக்குக் காரணம் எளிது. கருப்பு ஸ்ப்ரூஸ் தன் கிளை உச்சியில் போதிய விதைகளைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதற்குமுன் இரண்டாவது தீ வந்தால் விதைக்களஞ்சியம் வெறுமையாக இருக்கும். வறண்ட கோடையில் பாசியும் மட்கும் அடிவரை எரிந்தால், காற்றில் பரவும் விதையுடைய பிர்ச்சும் ஆஸ்பனும் அவ்விடத்தைக் கைக்கொள்கின்றன. பாசிப் போர்வை நீங்கியதும் அடியிலுள்ள உறைநிலம் உருகத் தொடங்குகிறது. வளையங்களின் மொழியும் மாறிவருகிறது: 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல், பல வடபுலப் பகுதிகளில் வெப்பநிலை உயர்ந்தும் மர வளர்ச்சி அதற்கு ஈடாக உயரவில்லை.

ஆகவே சுற்றுச்சூழல் வரலாற்றை வாசிக்கும் நாம், தீ நல்லதா தீயதா என்ற வினாவைக் கைவிடுவது நல்லது. எந்தத் தீ, யார் கையில், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று கேட்க வேண்டும். உழவரும் பழங்குடியினரும் சொன்னதை ஏற்கத் துறைகளுக்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன. இரண்டு தீக்களுக்கு இடையே முதிர வேண்டிய ஸ்ப்ரூஸ் மரத்துக்கு அவ்வளவு அவகாசம் இப்போது இல்லை.