எம்டனை முடித்த கப்பல் தலைவர்

கொச்சி நகரில் கலூர்ப் பக்கத்துக் கடைவீதியில் நாலு நாள் நடமாடிய தமிழன்பர் எவரும் ‘எமண்டன்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பார். மீன் பெரிதாயினும் சரி, பலாப்பழம் பெரிதாயினும் சரி, மலையாளம் பேசுவோர் வாயில் அது எமண்டன் ஆகிவிடும். நம் ஊர்ப்பக்கத்தில் ‘அவன் பெரிய எம்டன்’ என்றால் கருத்து வேறு; அவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டு சொற்களையும் தந்தது ஒரே ஜெர்மன் போர்க்கப்பல் என்று பலரும் கூறுவர். அக்கப்பலின் பெயரை நாம் மறக்கவில்லை. அதை முடித்துவைத்தவரின் பெயரைக் கேட்டாலோ நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். ஜான் காலிங்ஸ் டாஸ்வெல் கிளாசப் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரியே அவர்.

1871ஆம் ஆண்டு, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ட்விக்கன்ஹாமில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் கிளாசப். அக்கால வழக்கப்படி சிறுவனாக இருக்கும்போதே கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்தார்; உயர்ந்த வேகம் வியக்கத்தக்கதன்று. அமைதிக் காலத்துக் கடற்படையில் அதிகாரி ஒருவர் கொடியையும் கணக்கையும் காத்துக்கொண்டே தலை நரைத்துவிடுவதுண்டு. ஆஸ்திரேலியக் கடல்களில் ‘புரோமீதியஸ்’ என்னும் கப்பலை நடத்திய பிறகு, 1913இல், புதிதாக உருவாகிவந்த ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘சிட்னி’ என்ற போர்க்கப்பலுக்குத் தலைவரானார். அப்போது அவர் பெயரை அறிந்தோர் கடற்படைக்கு வெளியே மிகச் சிலரே.

மறு ஆண்டு உலக யுத்தம் மூண்டது. கார்ல் ஃபான் மியுல்லர் தலைமையில் எம்டன் தன்னந்தனியாக இந்து மகா சமுத்திரத்திற்குள் புகுந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தருகே வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. உயிர்ச்சேதம் சிறிது, பட்டணத்தில் எழுந்த பீதியோ பெரிது. மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. திருவனந்தபுரத்தில் பிறந்த அத்தமிழர் அந்நாளில் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்கு உழைத்துக்கொண்டிருந்தார். அவர் பெருமைக்கு இக்கதை தேவையில்லை. இதற்குத் தக்க சான்றும் இல்லை.

கொச்சிக்கும் எம்டனின் நிழல் எட்டியது. அக்டோபர் நடுவில் மினிக்காய்த் தீவின் பக்கம் அது கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து மூழ்கடித்தது. அக்கப்பல்களின் மாலுமிகளையோ கொல்லவில்லை. ‘செயிண்ட் எக்பர்ட்’ என்ற கப்பலில் அவர்களையெல்லாம் ஏற்றி விடுதலை செய்தது. அக்கப்பல் அவர்களைக் கொச்சியில் கொண்டுவந்து சேர்த்தது. கொச்சியின் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அதைத் தோண்டி வழிசெய்து, பெருங்கப்பல் உள்ளே நுழைந்தது 1928இல்தான். ஆகவே 1914இல் வந்த பெருங்கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டே ஆளையும் சரக்கையும் இறக்கின.

நவம்பர் முதல் நாள் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய பெருங்கூட்டமான கப்பல்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டன. காவலுக்குச் சென்றவற்றுள் சிட்னியும் ஒன்று. 9ஆம் நாள் காலை, கோகோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தார் அந்நியக் கப்பல் ஒன்று வந்திருப்பதாகக் கம்பியில்லாத் தந்தியில் அலறினர். அங்கிருந்து ஏறக்குறைய 50 மைல் தொலைவில் கப்பற்கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கிளாசப்புக்குக் கட்டளை பிறந்தது.

போர் சமபலமுள்ளதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சிட்னி பெரியது, வேகம் மிக்கது. ஆறு அங்குலப் பீரங்கிகள் எட்டு அதில் இருந்தன. எம்டனிடம் பத்துப் பீரங்கிகள் இருந்தும் அவை நான்கு அங்குலத்தைச் சற்றே கடந்தவை. எனினும் முதலில் அடித்தது எம்டன்தான். சுமார் 10,000 கெஜ தூரத்திலிருந்து அது வீசிய குண்டுகள் சிட்னியின் தூரமளக்கும் கருவியை நொறுக்கின. பிறகு கிளாசப் தம் வேகத்தால் விலகி நின்று, எதிரியின் சிறு பீரங்கிகள் திறம்பட எட்டாத தூரத்தைக் காத்துக்கொண்டு, தம் பீரங்கிகளால் அடித்தார். எம்டனின் புகைபோக்கிகள் மூன்றும் சாய்ந்தன. பகல் 11 மணி 20 நிமிடத்திற்கு மியுல்லர் தம் கப்பலை வடகீலிங் தீவின் பவளப்பாறையில் மோதவிட்டார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் கிளாசப்பைப் பற்றி நாம் இவ்வளவு சிந்திக்க வேண்டியதில்லை. எம்டனுக்கு நிலக்கரி சுமந்துவந்த கப்பலைத் துரத்திச் சென்ற சிட்னி மாலை நான்கு மணியளவில் திரும்பிவந்தது. பாறைமேல் கிடந்த எம்டனில் ஜெர்மன் கொடி இன்னும் பறந்தது. சரணடைகிறீர்களா என்று கிளாசப் அடையாளம் காட்டிக் கேட்டார். அடையாளப் புத்தகங்கள் தங்களிடம் இல்லை என்றே பதில் வந்தது. விளக்கொளியால் மீண்டும் கேட்டார், விடையில்லை. கொடி பறக்கும்வரை அது போர்க்கப்பலே என்பது கடற்போரின் முறை. கிளாசப் மீண்டும் சுட உத்தரவிட்டார். சில நிமிடங்களில் கொடி இறங்கியது. ஆனால் அதற்குள் மேலும் பல உயிர்கள் போயின.

இதைக் கொடுமை என்றவர் உண்டு. கடமை என்றவரும் உண்டு. நம் கருத்தில், கொடியை இறக்காத குற்றத்தில் மியுல்லருக்கும் பங்கு உண்டு. அதை இறக்கப் பலமுறை கேட்டதும் கிளாசப்பின் பக்கத்தில் எண்ணத்தக்கதே. அதைவிட நம் நெஞ்சை உறுத்துவது அடுத்து நடந்தது. தந்தி நிலையத்தில் இறங்கியிருந்த ஜெர்மன் வீரர்களைப் பிடிக்க வேண்டியிருந்ததாலும், வேறு பகைக்கப்பல் வரலாம் என்ற ஐயத்தாலும், கிளாசப் அன்றிரவு எம்டனைவிட்டு அகன்றார். காயமுற்றோர் குடிநீர்ப் பஞ்சத்தில் வெயிலில் கிடந்தனர். மறுநாள் திரும்பிவந்துதான் அவர்களை மீட்கத் தொடங்கினார். எம்டனில் இறந்தோர் நூற்று முப்பதுக்கு மேல். சிட்னியில் இறந்தோர் நால்வர். தீவில் இறங்கிய ஜெர்மானியரோ ‘அயெஷா’ என்ற பாய்க்கப்பலில் ஏறித் தப்பிவிட்டனர்!

நவம்பர் 15ஆம் நாள் சிட்னி கொழும்புத் துறைமுகத்தில் நுழைந்தது. ஆயிரக்கணக்கான படைவீரர்கள் கப்பல் மேல்தளங்களில் நின்றனர்; ஆர்ப்பரிப்பு இல்லை. கப்பலில் ஜெர்மன் காயக்காரர் கிடக்கின்றனர், வாழ்த்தொலி வேண்டாம் என்று கிளாசப் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றி பெற்ற கப்பல் வாய்பேசாத கூட்டத்தின் நடுவே நங்கூரம் பாய்ச்சியது.

அந்த ஒரு காலைக்குப் பின் பெரும்போர் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. சிட்னி அமெரிக்கக் கடல்களிலும் வடகடலிலும் காவல் காத்தது. 1917இலிருந்து சிட்னி நகரில் கடற்படை நிலையங்களின் பொறுப்பை ஏற்றார். ஓய்வுபெற்றோர் பட்டியலில் வைஸ் அட்மிரல் பதவி கிடைத்தது. மியுல்லர் 1923இல் மறைந்தார். கிளாசப் 1934இல் மறைந்தார். எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. சென்னையில், எம்டனின் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் பலகை உயர்நீதிமன்ற மதிலில் இருக்கிறது.